அமெரிக்காவுக்கு எந்தத் திசையில் சூலம்?

"அமெரிக்கா எந்தத் திசைடா?" என்று அம்மா கேட்டபோது என் லேப்டாப்பில் பதினோரு டேப் திறந்திருந்தன. அவள் கையில் தினசரிக் காலண்டர். தாளைக் கிழிக்காமல், பொங்கலுக்கு அடுத்த வாரத்தை மட்டும் கட்டை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். திங்களும் சனியும் கிழக்கே சூலம். செவ்வாய், புதன் வடக்கே. வெள்ளி, ஞாயிறு மேற்கே. வியாழன் தெற்கே. சூலம் இருக்கிற திசைக்கு அன்று கிளம்பக் கூடாது என்பது அவள் கணக்கு. திசை தெரிந்தால்தான் கிழமை சொல்வாள். கிழமை சொன்னால்தான் நான் டிக்கெட் போட முடியும்.

அக்கா இருப்பது ஃப்ரீமாண்ட்டில். இறங்க வேண்டியது சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம். பிப்ரவரியில் அக்காவுக்குப் பிரசவம். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தகராறு, பிரஷருக்கு மாத்திரை. இதுவரை அவள் விமானத்தில் போனது ஒரே ஒரு தடவை, கோயம்புத்தூருக்கு. இப்போது தனியாகப் போகப் போகிறாள். விசா வந்துவிட்டது. பாக்கி வழி மட்டும்தான்.

சென்னையிலிருந்து அமெரிக்காவில் எந்த ஊருக்குமே நேர் விமானம் கிடையாது. எங்காவது ஒரு இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறுவது என்பதற்கு மாமா அங்கிருந்து ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். அக்காவின் கணவர், கணக்கில் புலி. மொத்தப் பயண நேரத்தை வைத்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தியிருந்தார். முதலில் டெல்லி, அப்புறம் சிங்கப்பூர், துபாய், கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டும் லண்டனும். முதல் வரிசைக்குப் பச்சை நிறம் வேறு அடித்திருந்தார். எனக்கு அந்தப் பச்சையில்தான் சந்தேகம்.

முதலில் அம்மாவின் கேள்வி. என் மகளின் மேஜையிலிருந்து பூகோள உருண்டையை எடுத்து வந்தேன். அம்மா பூத் தொடுக்கிற நூலில் ஒரு முழம் வாங்கி, ஒரு நுனியைச் சென்னையில் வைத்து அழுத்தச் சொன்னேன். மறு நுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து நான் இறுக்கி இழுத்தேன். நூல் மேற்கேயும் போகவில்லை, கிழக்கேயும் போகவில்லை. வங்கக் கரையை ஒட்டி ஏறி, ஒடிசா, பீகார் தாண்டி, எவரெஸ்ட் சிகரத்தின் மேலேயே போய், திபெத், சீனா, சைபீரியாவின் வடகிழக்கு மூலை, பெரிங் நீரிணை, அலாஸ்கா என்று சுற்றிக்கொண்டு கலிபோர்னியாவில் இறங்கியது. எவரெஸ்ட் என்பது சும்மா அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. பிறகு கணக்குப் போட்டும் பார்த்தேன். கோடு கிட்டத்தட்ட அந்தச் சிகரத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர்.

"அப்போ வடக்கு" என்றாள் அம்மா. "செவ்வாய், புதன் ஆகாது."

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தூரம் பதினைந்தரை மணி நேரம். இன்றைய விமானங்களால் முடியாத தூரமில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரை ஒரே மூச்சில் பறக்கிறார்கள். ஆனால் நூல் போன வழியில் விமானம் போகாது. திபெத் பீடபூமியின் சராசரி உயரமே நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே மூவாயிரம் மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அங்கே இறங்கினால் தரைக்கு உள்ளேதான் போக வேண்டும். அதனால் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். எந்த நாடு யாருக்கு வான்வெளியைத் திறந்து வைத்திருக்கிறது என்பது வேறு கதை.

நூலை இரண்டு துண்டாகப் பிரித்து அளந்தால்தான் மாமாவின் ஷீட் விளங்கும். டெல்லி வழியாக 14,140 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட 240 கிலோமீட்டர்தான் அதிகம்; இவ்வளவு பெரிய தூரத்தில் அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. ஹாங்காங் வழியாக 14,800. துபாய் வழியாகப் பதினாறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கப்பூர் 16,500. ஃபிராங்க்ஃபர்ட் 16,700. லண்டன் 16,850. டெல்லிக்கும் லண்டனுக்கும் நடுவே 2,700 கிலோமீட்டர் வித்தியாசம். விமானத்துக்கு அது மூன்று மணி நேரம்.

மூன்று மணி நேரம்தான். இடையில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியா, ஏழு மணியா என்பதிலேயே அது அடிபட்டுப் போகும். காத்திருப்பைச் சேர்த்துப் பார்த்தால் எந்த வழியில் போனாலும் இருபத்து மூன்றிலிருந்து இருபத்தாறு மணி நேரம் ஆகிறது. ஆகவே தூரத்தை வைத்து முடிவெடுப்பது வீண் வேலை என்று தோன்றியது. பார்க்க வேண்டியது அந்த மணி நேரங்கள் எப்படிப் பங்கு பிரிகின்றன என்பதையும், நடுவில் இறங்கும் இடத்தில் அம்மாவுக்கு என்ன நேரும் என்பதையும்தான்.

டெல்லியை முதலில் தள்ளினேன். அதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம், ஆபீஸ் வேலையாக ஐரோப்பா போக வேண்டியிருந்தது. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லியிலிருந்து வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டேன். டெல்லியில் பனிமூட்டம். என் விமானம் சென்னையிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடுத்தது பறந்துவிட்டிருந்தது. கவுண்ட்டரில் இருந்த பையன் என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "சார், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே" என்று இந்தியில் சொன்னான். உண்மைதான். ஒரே பிஎன்ஆரில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அது உங்கள் தலைவிதி. அன்று ராத்திரி நாற்காலியில் படுத்தபடி அந்த ஆயிரம் ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

ஒரே டிக்கெட்டாக எடுத்தால் டெல்லி நல்ல வழிதான், இல்லையென்று சொல்லவில்லை. மாறுகிற இடமும் நம் நாடுதான், சாப்பாடும் பழகின சாப்பாடு. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகிற விமானங்கள் பல சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சில, எரிபொருள் போடுவதற்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போயின. நேர் விமானம் என்று ஏறிவிட்டு நடுவில் ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கலாம், அம்மாவுக்கு இருக்காது. ஜனவரிப் பனிமூட்டம் வேறு. திரும்பி வரும்போது இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி போட வேண்டியிருக்கும். இருபத்து மூன்று கிலோப் பெட்டி இரண்டு.

பெங்களூரை ஷீட்டில் கடைசியாக அக்கா சேர்த்திருந்தாள். 2021 ஜனவரியில் முழுக்கப் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார்களே, அந்த நேர் வழி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சேவை இடையில் நின்றதும் உண்டு, மறுபடி வந்ததும் உண்டு. அதோடு நங்கநல்லூரில் தலைக்கு மேலேயே விமானம் போகிற வீட்டிலிருந்து கிளம்பி, 350 கிலோமீட்டர் தள்ளி தேவனஹள்ளிக்குப் போய் விமானம் ஏறு என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேற்கே போகிற வழிகளில் இரண்டு ரகம் உண்டு. துபாய், தோஹா ஒரு ரகம்: முதலில் நாலு மணி நேரம், பிறகு ஒரேயடியாகப் பதினாறு மணி நேரம். ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் இன்னொரு ரகம்: பத்து அல்லது பதினோரு மணி நேரம், ஓர் இடைவேளை, மறுபடி பதினோரு மணி நேரத்துக்கு மேல்.

துபாயில் நிறைய வசதி இருக்கிறது. சென்னையிலிருந்து தினமும் பல விமானங்கள், கூட்டத்தில் பாதிப் பேர் நம் ஆட்கள். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு உருண்டையில் நூலைப் பிடித்தால் அது வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. அதுவும் 13,000 கிலோமீட்டர். விமானம் ஏறி, தூங்கி, எழுந்து, சாப்பிட்டு, மறுபடி தூங்கி எழுந்தாலும் இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி இருக்கும். 2025 ஜூனில் ஒரு ராத்திரி கத்தார் தன் வான்வெளியை மூடியபோது தோஹாவில் இறங்க வேண்டியவர்கள் எங்கெங்கோ இறங்கியதையும் மறக்க முடியவில்லை.

ஆனால் துபாய்க்கு அம்மா பக்கத்திலிருந்து வந்த தடை வேறு. கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் வருகிறது. அக்காவுக்குக் கொண்டுபோவதற்கென்று அம்மா அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியில் அது தாராளமாக இருந்தது. மாறுகிற பயணிதானே, பெட்டி நேராகப் போய்விடுமே என்று வாதாடலாம். நான் வாதாடத் தயாராக இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சில வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. துபாய் வழியாகப் போகிறவர்கள் மாத்திரைச் சீட்டையும் மசாலா டப்பாவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

(நியூயார்க், சிகாகோ பக்கம் போகிறவர்களாக இருந்தால் மேற்கே இன்னொரு யோசனை இருக்கிறது. அபுதாபி விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை முடித்து அனுப்புகிறார்கள். அங்கே போய் இறங்கும்போது உள்ளூர்ப் பயணி மாதிரி நேரே வெளியே நடக்கலாம். அம்மா போகிற ஊருக்கு அது பொருந்தவில்லை.)

ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். தூரம் கிட்டத்தட்டக் கடைசி, நேரம் கடைசி, ஆனால் கூறு போட்டது அருமை. சென்னையிலிருந்து நடுராத்திரிக்கு மேல் ஏறினால் பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி தூக்கத்தில் போய்விடும். இறங்கி நடந்து, காலை நீட்டி, காபி குடித்து, மறுபடி பதினொன்றரை மணி நேரம். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பதினாறு மணி நேரம் ஒரே உட்காரலாக உட்காருவதைவிட இதுதான் உத்தமம். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து இருப்பதால் டாக்டரும் இதைத்தான் சொன்னார். ஜெர்மனியில் மாறுவதற்கு ட்ரான்சிட் விசா வேண்டுமே என்று பக்கத்து வீட்டு மாமி பயமுறுத்தினார். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை.

பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? அந்த நிலையத்தில் நான் ஒருமுறை மாறியிருக்கிறேன். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு லிஃப்டில் இறங்கி, தரைக்கு அடியில் நீளமாக ஒரு சுரங்கப்பாதை, மறுபடி லிஃப்ட், மறுபடி பைகளை ஸ்கேன் செய்யும் வரிசை. அங்கே ஒருவர் தட்டைக் காட்டி என்னிடம் ஏதோ சொன்னார். பெல்ட்டைக் கழற்றச் சொல்கிறாரா, ஷூவையா என்று எனக்கே புரியவில்லை. அம்மா கழுத்துத் தாலிச் சரடைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சி கண் முன்னே வந்தது. வீல்சேர் கேட்டால் கொடுப்பார்கள். தள்ளுகிறவர் ஆங்கிலம் பேசுவார். அம்மாவின் ஆங்கிலம் "தேங்க்யூ"வில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். கூட ஒரு ஆள் போவதாக இருந்தால் நான் ஃபிராங்க்ஃபர்ட்டைத்தான் எடுத்திருப்பேன். லண்டனும் அதே மாதிரிதான். தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மிச்சம் கிழக்கு. ஹாங்காங் கணக்கில் அழகாக இருக்கிறது. முதல் விமானம் ஐந்தரை மணி நேரம், இரண்டாவது விமானம் பன்னிரண்டரை மணி நேரம், தூரமும் குறைவு. மொழிதான் அங்கேயும் இடிக்கிறது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்குகிற பாட்டிகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். வீல்சேர் தள்ளுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், சுற்றி நிற்கிற பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். நாலே கால் மணி நேரத்தில் அங்கே போய்விடலாம், கோயம்புத்தூர்ப் பயணத்தின் அண்ணன் மாதிரி. அதற்கப்புறம்தான் பெரிய பயணம்: 13,600 கிலோமீட்டர், பசிபிக் கடல் முழுவதும்.

அந்தப் பெரிய பயணத்தில் ஒரு சலுகை இருக்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக அடிக்கிற காற்று, குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். ஆகவே துபாயிலிருந்து பறப்பதைவிடத் தூரம் அறுநூறு கிலோமீட்டர் கூடுதல், நேரமோ பதினைந்து மணியை ஒட்டித்தான். திரும்பும்போது அதே காற்று நெற்றியில் அடிக்கும். பதினேழு மணி நேரம்கூட ஆகும். நல்லவேளை, அம்மா திரும்புவது ஜூலையில். கோடையில் அந்தக் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும். போகும் நேரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் திரும்பும் நேரத்தையும் அதே கட்டத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. மாமாவின் ஷீட்டில் அது இல்லை.

இதை அம்மாவுக்கு விளக்கும்போது ஒரு குழப்பம் வந்தது. வியாழக்கிழமை ராத்திரி சென்னையில் ஏறுகிறாள். வெள்ளிக்கிழமை விடிகாலை சிங்கப்பூர். வெள்ளி காலை ஒன்பது மணி வாக்கில் அங்கே ஏறினால், பதினைந்து மணி நேரம் பறந்து, அதே வெள்ளி காலை எட்டு மணிக்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவாள். ஜனவரியில் இரண்டு ஊருக்கும் பதினாறு மணி நேர வித்தியாசம். நடுவில் தேதிக் கோட்டைத் தாண்டுவதால் ஏறியதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குகிற கணக்கு. "அப்போ வெள்ளிக்கிழமை ராகு காலம் ரெண்டு தடவை வருமா?" என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே ராத்திரி ஒன்பதரை. உடம்பு படுக்கையைத் தேடும் நேரத்தில் வெயில் மூஞ்சியில் அடிக்கும், குடியேற்ற வரிசையில் வேறு நிற்க வேண்டும். இது ஒரு குறைதான். பிரஷர் மாத்திரைக்காக இடது கையில் இந்திய நேரக் கடிகாரம் ஒன்று கட்டி அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். அந்த முள் எட்டைத் தொட்டால் மாத்திரை, வெளியே பகலா இரவா என்று பார்க்கவே வேண்டாம்.

டிக்கெட் போட்ட கையோடு மூன்று வேலை செய்தேன். வீல்சேருக்குப் பதிவு. நடைபாதை ஓர இருக்கை, எழுந்து நடக்க. சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்கிற குறியீடு; வடபழனி ஸ்டூடியோ ஞாபகம் வரும், ஆனால் விமானத்தில் அதற்கு நம் ஊர் சைவச் சாப்பாடு என்று அர்த்தம். குருமாப் பொடியை அண்ணி எடுத்து வைத்துக்கொண்டாள்; எந்த ஊர் வழியாகப் போனாலும் கசகசா வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கறிவேப்பிலையும் போகாது, அமெரிக்காவில் விடமாட்டார்கள். பருப்புப் பொடி, வடாம், புளிக்காய்ச்சல் பெட்டிக்குள் போயின. போகி அன்று விடியற்காலை விமானம் மட்டும் வேண்டாம் என்று ஏற்கெனவே தள்ளியாயிற்று. டயர் புகையில் மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் தாமதமான வருடங்களை நங்கநல்லூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாமாவுக்குத் தகவல் சொன்னேன். டெல்லியைவிட 2,400 கிலோமீட்டர் அதிகம் என்று பதில் வந்தது. நான் ஒரு கும்பிடு மட்டும் போட்டேன்.

கடைசியாகச் சூலம். நூல் போன வழி வடக்கு. விமானம் கிளம்புகிற வழி கிழக்கு. உலகப் படத்தைச் சுவரில் மாட்டிப் பார்க்கிற மாமிக்கு அமெரிக்கா மேற்கு. வியாழக்கிழமை தெற்கே சூலம் என்பதால் மூன்றுமே சரியாக வருகிறது. அம்மா காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியையும் விடாமல் படித்தாள்: பரிகாரம், தைலம்.

"தெற்கே போனால்தானேம்மா பரிகாரம். தைலப் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் நூறு மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்" என்றேன்.

"நான் எதுக்கு இங்கேர்ந்து தூக்கிட்டுப் போறேன்?" என்றாள். "சிங்கப்பூர்தானே. கோடாலித் தைலம் அங்கேயே வாங்கிக்கிறேன்."